புது ரைபிளும் முதல் நூறு தோட்டாவும்: கேள்வி பதில்

600 முதல் 1000 மீட்டர் வரை இலக்குச் சுடுவதற்குப் புதிதாக போல்ட் ரைபிள் வாங்கியவர்களின் கேள்விகள் இவை. பெரும்பாலோர் கையில் இருப்பது 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா வகைக்கான ரைபிள். அதனால் எண்கள் எல்லாம் அதை வைத்தே. உரிமம், போக்குவரத்து, சேமிப்பு பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதை உங்கள் ஊர் அதிகாரியிடம்தான் கேட்க வேண்டும்.

டாலஸ்: பெர்காரா பி-14 எச்எம்ஆர் வாங்கியிருக்கிறேன் சார். ஸ்கோப், ரிங், ரெயில் எல்லாம் தனித்தனியாக வந்திருக்கிறது. எதை முதலில் மாட்டுவது?

டார்க் ரெஞ்ச் (குறித்த இறுக்கத்துக்கு மட்டும் ஸ்க்ரூவை முடுக்கும் கருவி) இருக்கிறதா? இல்லையென்றால் அதை வாங்கும்வரை ஒரு ஸ்க்ரூவையும் தொடாதீர்கள். புது ரைபிள் "குறி தவறுகிறது" என்று வருகிற புகார்களில் பேரல் குற்றவாளியாக இருப்பது அபூர்வம். ஸ்க்ரூதான்.

முதலில் மேகசினைக் கழற்றுங்கள். சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தொட்டுப் பாருங்கள். பிறகு போல்ட்டை உருவித் தனியே வையுங்கள். தொழிற்சாலையில் பூசிய துருத்தடுப்பு எண்ணெய் பேரலுக்குள் இருக்கும். நான்கைந்து பேட்ச் (துடைக்கும் துணித்துண்டு) ஓட்டி அதை எடுத்துவிட்டு, கடைசியாக ஒரு உலர்ந்த பேட்ச் ஓட்டுங்கள்.

அடுத்தது ஸ்டாக். ஆக்‌ஷன் ஸ்க்ரூ (ரைபிளின் உடலை ஸ்டாக்கோடு பிணைப்பது) இரண்டையும் தளர்த்துங்கள். ரைபிளைக் குழல்வாய் மேலே இருக்கும்படி நிறுத்தி, அடிப்பாகத்தைக் கம்பளத்தின் மேல் இரண்டு தட்டுத் தட்டுங்கள். ரீகாயில் லக், அதாவது உதையைத் தாங்கும் உலோக முட்டு, தன் இடத்தில் பின்பக்கமாகச் சாய்ந்து உட்காரும். அதே நிலையில் முன் ஸ்க்ரூவைப் பாதி, பின் ஸ்க்ரூவைப் பாதி, பிறகு இரண்டையும் முழுசாக முடுக்குங்கள். அலுமினியச் சட்டமோ உலோகத் தூணோ உள்ள ஸ்டாக்கில் பொதுவாக 60 முதல் 65 இன்ச்-பவுண்ட், அதாவது சுமார் 7 நியூட்டன் மீட்டர். கையேட்டில் வேறு எண் இருந்தால் அந்த எண்தான். இது முடிந்ததும் ஒரு தாளை மடித்துப் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவில் விட்டு இழுத்துப் பாருங்கள். ஆக்‌ஷன் வரைக்கும் தடங்கலில்லாமல் போக வேண்டும்.

பிறகு ரெயில், அதாவது ஸ்கோப்பைத் தாங்கும் மேல் பட்டை. துளையையும் ஸ்க்ரூவையும் ஆல்கஹாலில் துடைத்து, நீல லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு பொட்டு வைத்து, ரெயில் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முடுக்குங்கள். முடுக்கியதும் போல்ட்டை மாட்டி மூடித் திறந்து பாருங்கள். ரெயில் மாட்டிய பிறகு போல்ட் கைப்பிடி இறுகினால், முன் ஸ்க்ரூ நீளம் அதிகமாகி உள்ளே முட்டுகிறது. கையால் அழுத்திச் சமாளிக்காமல் சரியான நீள ஸ்க்ரூ போடுங்கள்.

ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்கை ரெயிலில் வைத்துக் குழல்வாய்ப் பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முடுக்க வேண்டும். சுடும்போது ரைபிள் பின்னால் வரும், ஸ்கோப் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். ரிங் முன்சுவரில் ஏற்கெனவே ஒட்டியிருந்தால் நகர இடமில்லை. ஸ்கோப்பைப் படுத்துச் சுடும் நிலையில், உச்சப் பெருக்கத்தில் வைத்து முன்பின் நகர்த்துங்கள். கண்ணை மூடிக் கன்னத்தை வைத்து, கண்ணைத் திறந்ததும் ஓரக் கறுப்பில்லாமல் முழு வட்டம் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். ரிங் மூடி ஸ்க்ரூக்கள் 15 முதல் 18 இன்ச்-பவுண்ட், குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். ஸ்கோப்பின் பெருக்க வளையமோ பேரலாக்ஸ் திருகோ முன்பைவிட இறுக்கமாகத் திரும்பினால், குழாயை நெரித்துவிட்டீர்கள் என்று பொருள்.

நியூஜெர்சி: ரிங் மூடிக்கும் லாக்டைட் போடலாமா?

வேண்டாம். ஈரமான மரையில் அதே டார்க் எண் அதிக இறுக்கத்தைக் கொடுக்கும். குழாய் நசுங்கும்.

பிரிஸ்பேன்: 20 எம்ஓஏ சாய்வு ரெயில் கட்டாயமா?

1000 மீட்டர் நோக்கமென்றால் போடுங்கள். எம்ஓஏ, மில் இரண்டும் கோண அளவுகள்; ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ. 20 எம்ஓஏ என்பது சுமார் 5.8 மில். ஸ்கோப்பின் மொத்த உயரத் திருத்தம் 20 மில் என்றால், நேர் ரெயிலில் 100 மீட்டர் ஜீரோவுக்கு (குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும் அமைப்பு) மேலே ஏறக்குறைய 10 மில்தான் மிஞ்சும். 6.5 கிரீட்மூருக்கு 1000 மீட்டரில் அந்த 10 மில்லும் தேவைப்படும். சாய்வு ரெயில் இருந்தால் 15 மில் வரை கிடைக்கும். 300 மீட்டரோடு நிறுத்துபவருக்கு இது தேவையில்லை.

டொரொன்டோ: அண்ணை, புது பேரலைப் பதப்படுத்த எத்தனை ரவை (தோட்டா) சுட வேணும்? ஒவ்வொரு வெடிக்கும் துடைக்கோணும் எண்டு சொல்லினம். உண்மையோ?

எண்ணிக்கையைக் கேட்காதீர்கள் தம்பி, பேட்ச்சைக் கேளுங்கள். காரணம் தெரிந்தால் குழப்பம் தீரும்.

சேம்பர் குடைகிற ரீமர், குண்டு பேரலின் சுழல் பள்ளக்கோட்டில் நுழைகிற த்ரோட் பகுதியில் நுண்ணிய கீறல்களை விடும். அவை குண்டு போகும் திசைக்குக் குறுக்கே கிடக்கும், அரத்தின் பல் மாதிரி. குண்டின் செம்பு உறையை அவை சீவும். அந்தச் செம்பு வெடிப்பின் சூட்டில் ஆவியாகி, முன்னால் போய்ப் பேரலின் சுவரில் படியும். குண்டுகள் போகப் போகக் கீறல் மழுங்கும், படிவு குறையும். பதப்படுத்துதல் என்பது இவ்வளவுதான். ஒரு செம்புப் படிவின் மேல் இன்னொன்று ஏறாமல் எடுத்துவிடுகிறோம்.

செய்முறை: ஒரு ரவை, ஒரு துடைப்பு. இப்படி ஐந்து தடவை. பிறகு மூன்று ரவைக்கு ஒரு துடைப்பு, இரண்டு தடவை. பிறகு ஐந்து ரவை, ஒரு துடைப்பு. துடைக்கும்போது போர் கைடு (கம்பியை நேராக வழிநடத்தும் குழாய்) போட்டு, உறை பூசிய ஒற்றைத் துண்டுக் கம்பியைச் சேம்பர் பக்கமிருந்துதான் விட வேண்டும். முதல் இரண்டு ஈரப் பேட்ச்சில் கரி கறுப்பாக வரும். பிறகு நைலான் பிரஷ்ஷில் செம்பு கரைக்கும் அம்மோனியா திரவம், லேபிளில் சொன்ன நேரம் மட்டும். அடுத்த பேட்ச்சைப் பாருங்கள். பேனா மை கொட்டியது போல் கருநீலமாக இருந்தால் செம்பு நிறைய. அடுத்தடுத்த தடவைகளில் அது வான் நீலமாகும், பிறகு தண்ணீரில் நீலம் போட்ட வேட்டி ஓரம் போல வெளிறும். அந்த வெளிறல் வந்ததும் நிறுத்திவிடுங்கள், அது எட்டாவது ரவையானாலும் சரி, இருபதாவது ஆனாலும் சரி.

பித்தளை ஜாக் (பேட்ச்சைப் பிடிக்கும் கம்பிமுனை) போட்டால் திரவம் ஜாக்கையே கரைத்து நீலம் காட்டும். நைலானோ நிக்கல் பூசியதோ போடுங்கள். அடுத்த ரவைக்கு முன் உலர்ந்த பேட்ச் ஓட்டாமல் சுடாதீர்கள். திரவமோ எண்ணெயோ ஈரமாக உள்ளே இருக்கும்போது சுடுவது ஆபத்து, அழுத்தம் கூடும்.

ஹூஸ்டன், மேலே உள்ளதற்கு மறுப்பு: அண்ணா, இது மூடநம்பிக்கை. கேல் மெக்மில்லன் போன்ற பேரல் விற்பன்னரே வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். பேரலின் ஆயுளைத்தான் வீணாக்குகிறீர்கள்.

மெக்மில்லன் அப்படி எழுதியது உண்மை. செய்யுங்கள் என்று சொல்கிற பேரல் தயாரிப்பாளர்களில் கிரீகர் இருக்கிறார்கள், த்ரோட் கீறல் விளக்கத்தை விரிவாக எழுதியவர்களே அவர்கள்தான். பெயரை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. கணக்கைப் பாருங்கள்: 6.5 கிரீட்மூர் பேரல் நல்ல துல்லியத்தோடு ஏறக்குறைய 2000 முதல் 3000 ரவுண்டு உழைக்கும். அதில் 16 ரவுண்டு ஒரு சதவீதம்கூட இல்லை. அந்த 16-ஐயும் வீணாக்கச் சொல்லவில்லை. ஜீரோ பிடிக்க எப்படியும் சுடத்தான் போகிறீர்கள்.

ஹூஸ்டன்: துடைத்தால் குறி நன்றாகிறது என்று ஒருவரும் நிரூபிக்கவில்லையே?

இல்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை. பின்னால் துடைப்பது சுலபமாகும், அவ்வளவுதான் வாக்குறுதி. இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன்: உட்புறத்தைக் கையால் மெருகேற்றிய (லேப் செய்த) பேரலில் த்ரோட் மட்டும்தான் சொரசொரப்பு, அதனால் வேலை சீக்கிரம் முடியும். விலை குறைந்த தொழிற்சாலைப் பேரலில் நீளம் முழுக்க கருவித் தடம் இருந்தால், நாற்பது தடவை துடைத்தாலும் செம்பு பிடித்துக்கொண்டேதான் இருக்கும். அங்கே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

பிரிஸ்பேன்: அப்படியானால் 50 ரவுண்டுக்கும் ஒவ்வொன்றாகத் துடைத்துவிடுவதே பாதுகாப்பு இல்லையா?

துடைக்காமல் விடுவதைவிட இது மோசம். கீறலைவிடக் கம்பிதான் அதிக பேரல்களைக் கெடுக்கிறது. போர் கைடு இல்லாமல் வளைந்த கம்பியை ஐம்பது தடவை இழுத்தால் த்ரோட்டின் ஓரம் தேயும். முன்பக்கமிருந்து விட்டால் குழல்வாய் விளிம்பு தேயும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அது. அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால் வாயு சமமில்லாமல் பிரிந்து குண்டைத் தள்ளும்.

ஆக்லாந்து: .308-க்கு எத்தனை ரவுண்டு பதப்படுத்த வேண்டும்?

டொரொன்டோ பதிலைப் படியுங்கள். காலிபர் மாறினாலும் த்ரோட் கீறலின் கதை மாறுவதில்லை.

கோயம்புத்தூர்: இங்கே 6.5 கிரீட்மூர் வாங்க வழி உண்டா சார்?

இந்தியாவில் இது 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் உரிமம் சார்ந்த விஷயம். வழி சொல்ல எனக்குத் தகுதியில்லை. துப்பாக்கி சுடுதலில் ஆர்வமென்றால் மாவட்ட ரைபிள் கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தொடங்குங்கள். மூச்சு, விசை, கன்னம் மூன்றும் அங்கே பழகியவருக்கு 1000 மீட்டரில் பாதி வேலை முடிந்தது.

லண்டன்: பிஸ்லி சுடுதளத்தில் 1000 கெஜத்தில் சுடப் போகிறேன். ஸ்கோப் நேராக இருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது? குமிழி மட்டம் போதுமா?

நல்ல கேள்வி, இதைக் கேட்பவர்கள் குறைவு. ஒரு டிகிரி சாய்வு 100 கெஜத்தில் கண்ணுக்கே தெரியாது. 1000 கெஜத்துக்கு 8 மில் ஏற்றியிருக்கும்போது அதே ஒரு டிகிரி குண்டைப் பக்கவாட்டில் 0.14 மில் தள்ளும், அதாவது ஐந்து அங்குலம். அதைக் காற்று என்று நினைத்துத் தப்பாகத் திருத்துவீர்கள்.

தூக்குநூல்தான் வழி. 50 மீட்டரில் ஒரு நூலில் கனமான நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். ரெயிலின் மேல் மட்டம் வைத்து ரைபிளை நேராக்கி, பையில் அசையாமல் நிறுத்துங்கள். ஸ்கோப்பின் நெடுங்கோடு நூலோடு ஒன்றாகும்வரை ஸ்கோப்பை மட்டும் திருப்புங்கள். ரிங் மூடியை முடுக்கும்போது ஸ்கோப் ஒரு பக்கமாகச் சுழலும், அதனால் முடுக்கிய பிறகும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது உயரத் தாள் சோதனை. ஒன்றேகால் மீட்டர் உயரத் தாளில் தூக்குநூல் வைத்துக் கோடு போட்டு, டேப்பால் அளந்த 100 மீட்டரில் நிறுத்துங்கள். அடியில் குறி வைத்து ஐந்து சுடுங்கள். 10 மில் ஏற்றி, அதே குறியில் இன்னும் ஐந்து. இரண்டு துளைக் கூட்டத்தின் நடுவுக்கும் 100 செ.மீ. வர வேண்டும். 98 வந்தால் உங்கள் டயல் இரண்டு சதவீதம் குறைவாக நகர்கிறது, குண்டின் பாதையைக் கணிக்கும் செயலியில் அந்தத் திருத்தத்தைப் போட்டுவிடுங்கள். மேல் கூட்டம் கோட்டைவிட்டு விலகினால் ஸ்கோப் சாய்ந்திருக்கிறது. தூரம் 100 கெஜமென்றால் 91.4 செ.மீ., இதைக் குழப்பி நல்ல ஸ்கோப்பைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

பீனிக்ஸ்: 40 ரவுண்டு வரை ஒரு எம்ஓஏ-வுக்குள் வந்தது. திடீரென்று மூன்று எம்ஓஏ. பேரல் போய்விட்டதா?

டார்க் ரெஞ்ச். ஆக்‌ஷன் ஸ்க்ரூ, ரெயில், ரிங், குழல்வாய் பிரேக் (உதை குறைக்கும் முனை), பைபாட் (முன்கால்) என்று வரிசையாகச் சோதியுங்கள். எல்லாம் சரியென்றால் பேரலைச் சூடாறவிட்டு, அதே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) தோட்டாவில் பத்து ரவுண்டு ஒரே தாளில் சுடுங்கள். மூன்று ரவுண்டுக் கூட்டத்தை வைத்து நல்லது கெட்டது எதையும் முடிவு செய்யாதீர்கள். "ஒரு எம்ஓஏ" என்று முதலில் நம்பியதே மூன்று ரவுண்டை வைத்துத்தான் என்றால், அந்த எண்ணையும் விட்டுவிடுங்கள்.

பெர்த்: குரோனோகிராஃப் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) காட்டும் வேகத்தை எப்போது செயலியில் போடுவது?

100 முதல் 150 ரவுண்டுக்குப் பிறகு. புது பேரலில் வேகம் அதுவரை மெல்ல ஏறுவது வழக்கம். நொடிக்கு 50 அடி கூடினால் 1000 மீட்டரில் சுமார் 0.4 மில், 40 செ.மீ. உயரம் மாறும். முதல் நாள் எண்ணை வைத்து அட்டவணை எழுதி ஒட்டியவர்கள் இரண்டாம் மாதம் தலைக்கு மேல் சுடுவார்கள். பேரலில் கட்டும் வகைக் குரோனோகிராஃப் என்றால் அதைக் கழற்றிவிட்டு ஜீரோ பிடியுங்கள். அதன் எடை குண்டு விழும் இடத்தை மாற்றும்.

அட்லாண்டா: மேக்னம் காலிபருக்குப் பதப்படுத்தும் எண்ணிக்கை வேறா?

மூன்றாவது தடவை இதே கேள்வி. பேட்ச்சைப் பாருங்கள். எண் கேட்டு வரும் இனிமேலான கேள்விகளுக்குப் பதில் எழுதமாட்டேன்.

கால்கரி: மைனஸ் 20-ல் சுடும்போது தோட்டா சில சமயம் வெடிப்பதில்லை. வெடித்தாலும் தாழ்வாக விழுகிறது.

இரண்டும் வேறு வேறு. முதலாவது, போல்ட்டின் உள்ளே இருக்கும் எண்ணெய் உறைந்து ஊசியின் அடியை மந்தமாக்குகிறது. கையேட்டின்படி ஊசித் தொகுதியைக் கழற்றி எண்ணெய் நீக்கி, உலர்வாக மாட்டுங்கள். வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்கக் கூடாது. இலக்கை நோக்கியே பிடித்து அரை நிமிடமாவது காத்திருங்கள்.

இரண்டாவது, மைனஸ் 20-ல் காற்று பிளஸ் 20-ல் இருப்பதைவிடச் சுமார் 15 சதவீதம் அடர்த்தி, மருந்தின் வேகமும் குறையும். செயலியில் அன்றைய வெப்பநிலையையும் அழுத்தத்தையும் போடுங்கள், குளிரில் வேகத்தைத் தனியாக அளந்து அதையும் போடுங்கள். பெட்டியைக் காரின் சூட்டில் வைத்துவிட்டுக் குளிரில் சுட்டால் முதல் தோட்டாவுக்கும் பத்தாவதுக்கும் வேகம் மாறும்.

டொரொன்டோ, மறுபடியும்: அண்ணை, சொன்ன மாதிரிச் செய்தன். ஒம்பதாவது ரவைக்கே பேட்ச் வெளிறிட்டுது. ஐஞ்சு ரவைச் சுற்றையும் செய்யோணுமோ?

வேண்டாம் தம்பி, போதும். உலர்ந்த பேட்ச் இரண்டு ஓட்டி, ஸ்க்ரூ எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். துடைத்த பேரலில் முதல் இரண்டு மூன்று ரவை தனியே விழும், அதைக் கணக்கில் சேர்க்காமல் 100 மீட்டரில் பத்து சுட்டு, கூட்டத்தின் நடுவுக்கு ஜீரோவை வையுங்கள். இனிமேல் குறி விரியும்வரை செம்பைத் தொடாதீர்கள், த்ரோட்டில் கரி வளையம் கட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.