பழைய போனையும் பிரிண்டரையும் விற்ற பிறகும் அவை என்னைக் காட்டிக்கொடுக்குமா?

காட்டிக்கொடுக்கும். ஆனால் என்னை எழுத வைத்தது கேள்வியின் கடைசி வரிதான்: "நான் தப்பு எதுவும் செய்யவில்லையே, பிறகு ஏன் பயப்பட வேண்டும்?" நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கருவி அதன் சொந்தக்காரர் யார் என்று சொல்லும். அந்த நேரத்தில் அது யார் கையில் இருந்தது என்று சொல்லாது. அதனால்தான் எனக்கு வேலை போனது.

அப்போது ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி, என்னைவிட ஏழு வயது சின்னவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். "அக்கா, உங்க லேப்டாப்பைக் கொஞ்சம் குடுங்க, ஒரு லெட்டர் அடிச்சுக்கறேன்" என்றாள். என்ன லெட்டர் என்று நான் கேட்கவில்லை. பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அடித்து முடித்து, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்து மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். பல மாதமாக ஓவர்டைம் பணம் தரவில்லை என்று முதலாளிக்கு மின்னஞ்சலில் ஒரு மொட்டைக் கடிதம் போயிருக்கிறது. புதிதாகத் திறந்த ஐடி, பெயர் இல்லை. ஆனால் கடிதம் வேர்டு கோப்பாக இணைக்கப்பட்டிருந்தது. அந்தக் கோப்பின் விவரப் பக்கத்தைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினார். ஆசிரியர்: என் பெயர். கடைசியாகத் திருத்தியவர்: என் பெயர். மொத்தத் திருத்த நேரம்: 47 நிமிடங்கள்.

"இது யார் பேரும்மா?"

என் பெயர்தான். லேப்டாப் வாங்கிய அன்று வேர்டு முதல்தடவை திறந்தபோது நானே கொடுத்தது. அதன்பிறகு அதில் யார் உட்கார்ந்து எதை அடித்தாலும் அதே பெயர்தான் ஒட்டிக்கொள்ளும். அந்த 47 நிமிடமும் நான் வேறு அறையில் இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த கேள்வி "அப்ப யார் அடிச்சது?" என்றுதான் வரும். அவளுக்குக் கைக்குழந்தை. நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை.

கடிதத்தில் இருந்தது உண்மையா என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறாது. மூன்றே வாரத்தில் "நீங்களே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுங்க" என்றார்கள். எழுதிக் கொடுத்த பிறகும் அனுபவச் சான்றிதழுக்கு ஐந்து மாதம் அலைய விட்டார்கள். ஆறு வருஷம் உழைத்த ஆளுக்கு ஒரு தாள் கொடுக்க ஐந்து மாதம்! கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும். ஆனால் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆளை மிரட்டும் பழக்கத்தைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்டால் அதற்கும் நான் எழுதுவேன்.

இதைப் படித்துவிட்டு "குற்றவாளிகளைக் கூட இப்படித்தானே பிடிக்கிறார்கள்" என்று சிலர் வருவார்கள். ஆமாம், பிடிக்கிறார்கள். அமெரிக்காவில் பத்துப் பேரைக் கொன்ற டெனிஸ் ரேடர் 2005இல் சிக்கியது அவன் ஒரு டிவி நிலையத்துக்கு அனுப்பிய ஃப்ளாப்பி டிஸ்கால்தான். அதில் அழித்த வேர்டு கோப்பு ஒன்று மிச்சமிருந்தது. ஒரு தேவாலயத்தின் பெயரும் 'டெனிஸ்' என்ற பெயரும் அதன் விவரத்தில் இருந்தன. ஆனால் போலீஸ் அதோடு நிற்கவில்லை. அவனுடைய மகளின் மருத்துவ மாதிரியிலிருந்து டிஎன்ஏ எடுத்து, ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கைது செய்தார்கள். அவர்களுக்கு அந்தப் பெயர் ஒரு துப்பு. என் அலுவலகத்தில் அதுவே தீர்ப்பு ஆகிவிட்டது.

சரி, உங்கள் பிரிண்டருக்கு வருகிறேன். நிறைய கலர் லேசர் பிரிண்டர்கள் நாம் அச்சடிக்கும் ஒவ்வொரு தாளிலும் மஞ்சள் நிறத்தில் மிக நுண்ணிய புள்ளிகளைப் போடுகின்றன. 2005இல் எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஜெராக்ஸ் டாக்குகலர் பிரிண்டரின் புள்ளிகளைப் படித்துக் காட்டியது: அச்சடித்த தேதி, நேரம், பிரிண்டரின் சீரியல் எண். கேட்டதும் நான் நம்பவில்லை. வீட்டு பிரிண்டரில் ஒரு கலர்ப் படம் அடித்து, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, நீல எல்இடி வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். படமே இல்லாத வெள்ளை ஓரத்தில் ஊசி முனையைவிடச் சின்னதாகப் புள்ளிகள். தூசி என்று நினைத்து விரலால் தேய்த்தேன், போகவில்லை. கொஞ்சம் தள்ளி அதே வரிசை மறுபடியும் இருந்தது. பிரிண்டரோடு வந்த கையேட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கள்ளநோட்டைத் தடுக்கத்தான் என்கிறார்கள், இருக்கட்டும். காசு கொடுத்து வாங்கியவளிடம் சொல்லிவிட்டுச் செய்வதில் என்ன கஷ்டம்?

போனில் ஐஎம்இஐ என்று அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண் இருக்கும். *#06# அடித்தால் திரையில் வரும். சிம் மாற்றினாலும் ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் அது மாறாது. போட்டோவுக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். மெக்காஃபி ஆன்டிவைரஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மெக்காஃபி 2012இல் தலைமறைவாக இருந்தபோது, அவர் குவாத்தமாலாவில் இருக்கிறார் என்று ஒரு பத்திரிகை வெளியிட்ட போட்டோவிலிருந்தே ஊருக்குத் தெரிந்துபோனது. வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பும் போட்டோவில் அந்த விவரம் போய்விடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே கூடப் போகும்.

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. தப்பு செய்கிறவர்களுக்கு வழி காட்டவும் இதை எழுதவில்லை. தொலைந்த போனைத் தேட அதே ஐஎம்இஐதான் உதவுகிறது, எனக்கும் தெரியும்.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண் போன் செய்து அழுதாள். "நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்க்கா" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஓவர்டைம் பணம் அவளுக்கும் வர வேண்டியதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். போனில் உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறி, பிறகு ரீசெட் செய்யுங்கள். பிரிண்டரையும் ரீசெட் செய்யுங்கள், வைஃபை பாஸ்வேர்டு அதில் இருக்கும். வாரண்டிக்காக உங்கள் பெயரில் பதிந்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள். ஐஎம்இஐயையும் பிரிண்டரின் சீரியல் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, "இன்ன தேதியில் வாங்கிக்கொண்டேன்" என்று வாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்குங்கள். தெரிந்தவர் என்றாலும் கூச்சப்படாமல் கேளுங்கள். அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.