மாற்றி எழுதித் தரும் ஏஐ: வாசகர் கேள்வி-பதில்

எழுதியதை ஏஐ கருவிகளிடம் கொடுத்து மாற்றி எழுதி வாங்குவது பற்றிக் கேள்விகள் குவிந்திருக்கின்றன. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

ஆங்கிலத்தில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு, பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் ஒப்புமை அறிக்கை எடுத்தேன். 34 சதவீதம் வந்திருக்கிறது. 10-க்குள் கொண்டுவரச் சொல்கிறார் நெறியாளர். மாற்றி எழுதித் தரும் கருவியான குவில்பாட்டில் போட்டு எடுத்தால் குறைந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா? (ஆய்வு மாணவி, திருநெல்வேலி)

எண் குறையும், பிரச்சினை அப்படியே இருக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 ஒழுங்குமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. எல்லோரும் இந்த எண்களைத்தான் பார்க்கிறார்கள். அதே ஒழுங்குமுறை, பிறருடைய எழுத்தை மட்டுமல்ல, கருத்தைத் தன்னுடையதாகக் காட்டுவதையும் திருட்டு என்றே சொல்கிறது. ஆகவே, மூலத்தைக் குறிப்பிடாமல் சொற்களை மட்டும் மாற்றினால் மென்பொருளிடமிருந்து தப்பலாம், விதியிடமிருந்து தப்ப முடியாது.

முதலில் அறிக்கையைத் திறந்து, அந்த 34 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மூலம் காட்டி மேற்கோளாகத் தந்த பகுதி, நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுவான கலைச்சொற்கள், சட்ட வாசகங்கள், சமன்பாடுகள் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தற்செயலாக ஒத்துப்போகும் சொற்றொடர்களுக்கும் தொடர்ந்து 14 சொல் வரை விலக்கு உண்டு. இந்த விலக்குகளைப் போடாமலே அறிக்கை எடுத்துத் தந்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. நூலகரிடம் சொல்லி மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். நீங்களே முன்பு வெளியிட்ட கட்டுரையோடு ஒத்துப்போகிறது என்றால் அந்த மூலத்தைத் தனியாகக் காட்டி, நீக்க முடியுமா என்று கேளுங்கள்.

பிறகும் மிஞ்சுவது பெரும்பாலும் முன்னாய்வுகள் பற்றிய இயலாக இருக்கும். அதைத் திருத்த ஒரே வழிதான்: மூலக் கட்டுரையைப் படித்து, மூடி வைத்து, அது சொல்வதை உங்கள் நடையில் இரண்டு மூன்று வரியில் எழுதி, மூலத்தைக் குறிப்பிடுங்கள். உங்கள் கரடுமுரடான ஆங்கிலத்தைச் சீராக்க வேண்டுமானால் அந்தக் கட்டத்தில் ஏஐ-யிடம் கொடுக்கலாம், பல்கலைக்கழகம் அனுமதித்தால். பயன்படுத்தியதை ஏட்டில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

பழைய பாணி மாற்றுக் கருவிகள் கலைச்சொற்களை என்ன பாடு படுத்தும் என்பதை 2021-இல் கில்லோம் கபனாக் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அச்சேறிய ஆய்வுக் கட்டுரைகளில் 'ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' (போலி உணர்வு) ஆகியிருந்தது. மார்பகப் புற்றுநோயைக் குறிக்கும் 'பிரெஸ்ட் கேன்சர்' என்ன ஆனது தெரியுமா? 'பூசம் பெரில்' (மார்பு அபாயம்). இத்தகைய சொற்றொடர்களையே தேடிப் பிடித்து, சந்தேகத்துக்குரிய கட்டுரைகளை இப்போது அடையாளம் காண்கிறார்கள்.

தமிழ்ப் பத்தியைக் கொடுத்து 'மாற்றி எழுது' என்றால் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏதோ உதைக்கிறது. எதைச் சரிபார்ப்பது? (உதவி ஆசிரியர், மதுரை)

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். 'கிணறுகளில் நீர்மட்டம் குறைந்ததற்கு மழைப் பற்றாக்குறையும் ஒரு காரணமாக இருக்கலாம்.' கருவி தருவது இப்படி இருக்கும்: 'மழைப் பற்றாக்குறையால் கிணறுகளின் நீர்மட்டம் கணிசமாகக் குறைந்துள்ளது.' வழுவழுப்பான வாக்கியம். ஆனால் 'இருக்கலாம்' போய்விட்டது, ஊகம் உறுதியாகிவிட்டது. 'பற்றாக்குறையும்' என்பதில் இருந்த உம் போனதால், பல காரணங்களில் ஒன்று ஒரே காரணமாகிவிட்டது. 'கணிசமாக' என்பது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. செய்தியில் இது போனால் மறுப்பு போட வேண்டியிருக்கும். இந்த மூன்று வகைப் பிழையும் திரும்பத் திரும்ப வரும். கருவி சரளமாக ஓடும் வாக்கியத்தைத் தேடுகிறது. 'லாம்', 'உம்', 'ஏறத்தாழ' எல்லாம் அதன் கணக்கில் வேகத்தடைகள்.

எனவே வெறுமனே 'மாற்றி எழுது' என்று சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'கீழுள்ள பத்தியை எளிய தமிழில், ஏறத்தாழ அதே நீளத்தில் எழுது. எண், பெயர், தேதி, மேற்கோள் குறிக்குள் உள்ளவை எதையும் தொடாதே. இருக்கலாம், பெரும்பாலும், மட்டும், கூட போன்ற சொற்களின் பொருள் மாறக் கூடாது. மூலத்தில் இல்லாத அடைமொழியோ தகவலோ சேர்க்காதே. புரியாத இடத்தில் ஊகிக்காமல் கேள்வி கேள்.' ஒரு தடவைக்கு 200 முதல் 300 சொல் போதும். நாலு பக்கத்தை மொத்தமாகக் கொடுத்தால் நடுவில் சத்தமில்லாமல் சுருக்கிவிடும். தமிழ் எழுத்துகளை இந்தக் கருவிகள் ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக உடைத்துப் படிப்பதால், அவற்றின் கொள்ளளவும் நமக்குச் சீக்கிரம் நிரம்பிவிடும்.

வந்ததைக் கண்ணால் மட்டும் ஒப்பிடாதீர்கள். வேர்டில் ரிவ்யூ பகுதியில் கம்பேர் இருக்கிறது. பழையது, புதியது இரண்டையும் கொடுத்தால் மாறிய இடமெல்லாம் வண்ணத்தில் தெரியும். கூகுள் டாக்ஸில் டூல்ஸ் பட்டியலில் கம்பேர் டாக்குமென்ட்ஸ். 'என்னென்ன மாற்றினாய்' என்று கருவியிடமே கேட்கலாம். ஆனால் அது தரும் பட்டியல் முழுமையாக இருக்காது. எண்களைத் தனியாக ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், முக்கியமாக லட்சம், கோடி வரும் இடங்களை. ஆங்கிலம் வழியாகப் போய் வந்தால் 15 லட்சம் 15 மில்லியன் ஆகிவிடலாம். மாற்றியதையே திரும்பக் கொடுத்து மறுபடி மாற்றச் சொல்லவே வேண்டாம். எப்போதும் மூலத்திலிருந்தே தொடங்குங்கள்.

கடைசியாக ஒற்று. 'செய்தி தாள்', 'மருந்து கடை' என்று விடும். வேண்டாத இடத்தில் போடவும் செய்யும். 'முக்கியப் பங்கு வகிக்கிறது' என்ற தொடர் ஒரு பக்கத்தில் இரண்டு தடவை வந்தால் இரண்டையும் வெட்டுங்கள். ஒன்றும் குறையாது.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய மலர்க் கட்டுரைகளைக் கொடுத்தால் கருவி உளறுகிறது. (டிடிபி வேலை செய்பவர், கும்பகோணம்)

பாமினி உங்கள் கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் புள்ளிக்குப் பதில் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் கிடக்கிறது. கருவி அதை ஊகித்துப் படிக்கப் பார்க்கிறது. முதலில் என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றால், எல்லாக் கருவிகளும் தமிழாகவே படிக்கும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அந்த மாற்றத்தில் இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழாகிக் குழம்பும். அவற்றை முன்பே வேறு நிறத்தில் குறித்து வையுங்கள். முடித்த யூனிகோடு பிரதியைப் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ஊற்றும்போது கொம்பு இடம் மாறினால், வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். பழைய பேஜ்மேக்கர்தான் என்றால் திரும்பப் பாமினிக்கே மாற்ற வேண்டும்.

அஞ்சல் துறைக்குத் தகவல் உரிமைச் சட்ட மனு எழுதினேன். 900 சொல் வந்துவிட்டது. 500-க்குள் சுருக்க ஏஐ உதவுமா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், நாமக்கல்)

உதவும், ஆனால் முதல் வெட்டை நீங்களே போடுங்கள். தகவல் ஏன் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. சட்டத்தின் பிரிவு 6(2) அப்படித்தான் சொல்கிறது. உங்கள் கணக்கில் நடந்த தாமதம், அலைந்த கதை, வருத்தம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் பாதி குறைந்துவிடும். மத்திய அரசின் 2012 விதிகளில் உள்ள 500 சொல் வரம்பும் பொதுவான அறிவுரைதான். அதைத் தாண்டியது என்ற ஒரே காரணத்துக்காக மனுவை நிராகரிக்க முடியாது.

மீதியைக் கருவியிடம் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை எனது விண்ணப்பத்தின் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்புகளின் நகல் வேண்டும்' என்று நீங்கள் எழுதியதை, 'தாமதத்துக்குக் காரணம் என்ன?' என்று அது அழகாகச் சுருக்கிவிடும். அங்கேதான் மனு விழும். கோப்பில் பதிவாக இருப்பதைத்தான் கேட்டுப் பெற முடியும். அலுவலர் புதிதாக யோசித்து விளக்கமோ கருத்தோ சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல என்று உச்ச நீதிமன்றமும் 2011-இல் கூறிவிட்டது. 'நகல் வேண்டும் என்ற வடிவம் மாறக் கூடாது' என்று கருவியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கணக்கு எண்ணையும் முகவரியையும் அங்கே தட்ட வேண்டாம். 'எண் அ', 'முகவரி ஆ' என்று போட்டு வாங்கி, உண்மையானதைக் கடைசியில் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஓர் எழுத்தாளரின் சிறுகதையை ஏஐ-யிடம் கொடுத்து நடையை மாற்றி யூடியூபில் வாசித்தால் காப்புரிமைச் சிக்கல் வருமா? (சேலம்)

வரும். கருவுக்குக் காப்புரிமை இல்லை என்பது சரி. ஆனால் கதையின் நிகழ்ச்சி வரிசை, பாத்திரங்கள், உரையாடல் எல்லாம் அப்படியே இருக்க, வாக்கியத்தை மட்டும் மாற்றுவது தழுவல்தான். அதற்கு உரியவரின் அனுமதி வேண்டும். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய படைப்புகளை மாற்றாமலே வாசிக்கலாம், பெயரைச் சொல்லி.

நானே எழுதிய ஆங்கிலக் கட்டுரையை 'ஏஐ எழுதியது' என்கிறது கல்லூரியின் மென்பொருள். நிரூபிப்பது எப்படி? (எம்.ஏ. மாணவர், சென்னை)

அந்த மென்பொருள் தருவது ஊகம். அடுத்த சொல் எளிதில் யூகிக்கக்கூடியதாகவும் வாக்கிய நீளம் ஒரே சீராகவும் இருந்தால் அது சந்தேகப்படுகிறது. இரண்டாம் மொழியாக ஆங்கிலம் எழுதுபவர்கள் தெரிந்த சொற்களையே பயன்படுத்துவதால் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் டோஃபல் ஆங்கிலத் தேர்வுக்குப் பிறமொழிக்காரர்கள் எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் சோதித்தபோது, சராசரியாக 61 சதவீதம் தவறாக 'ஏஐ' என்று வந்தன. சாட்ஜிபிடி-யை உருவாக்கிய ஓபன்ஏஐ தன் கண்டறியும் கருவியை அதே ஆண்டு ஜூலையில் மூடியது, துல்லியம் போதவில்லை என்று. கல்லூரிகள் பயன்படுத்தும் டர்னிடின் மென்பொருளும் 20 சதவீதத்துக்குக் குறைவாக வந்தால் எண்ணைக் காட்டாமல் நட்சத்திரக் குறி மட்டும் போடுகிறது.

கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் ஃபைல் பட்டியலில் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து காட்டுங்கள். கட்டுரை எந்த நாளில் எவ்வளவு வளர்ந்தது என்பது அதில் தெரியும். கைக்குறிப்புகள், படித்த கட்டுரைகளின் பிரதி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஆசிரியர் எதிரிலேயே ஒரு பத்தியை விளக்கத் தயாராக இருப்பதாக எழுத்தில் கொடுங்கள். எழுதுவது நீங்களாகவும் கடைசி மெருகு மட்டும் கருவியாகவும் இருந்தால்கூட அதை மறைக்காதீர்கள்; கருவி மாற்றி எழுதிய பகுதியை இப்போது சில மென்பொருள்கள் தனியாகவே அடையாளம் காட்டுகின்றன. 'மனிதர் எழுதியதுபோல் மாற்றித் தருகிறோம்' என்று விளம்பரம் செய்யும் தளங்கள் பக்கம் போகவே வேண்டாம்.

அலுவலகக் கடிதங்களைச் சாட்ஜிபிடி-யில் திருத்துகிறேன். யாராவது பார்ப்பார்களா? (திருப்பூர்)

தனிநபர் கணக்கில், நீங்கள் தடுக்காவிட்டால், உரையாடல்களை ஓபன்ஏஐ நிறுவனம் தன் ஏஐ-யின் பயிற்சிக்குப் பயன்படுத்தக்கூடும். செட்டிங்ஸில் டேட்டா கன்ட்ரோல்ஸ் போய், மாடலை மேம்படுத்தும் தெரிவை அணையுங்கள். டெம்பரரி சாட்டில் எழுதினால் வரலாற்றில் சேராது. ஆனாலும் அவர்களிடம் 30 நாள் வரை இருக்கலாம். வாங்குபவர் பெயர், விலை, ஆர்டர் அளவு மூன்றையும் அடித்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.