தண்ணீரை விடுங்கள், ‘அல்புமின் +’ என்ற வரியைப் பாருங்கள்

“அண்ணனுக்கு டயாலிசிஸ் செய்கிறார்கள். எனக்கும் அதே வருத்தம் தொடங்கிவிட்டதா, டொக்டர்?” வெள்ளாவெளிப் பக்கத்தில் வேளாண்மை செய்யும் 46 வயது வாசகரின் நீண்ட கடிதத்தில் இதுதான் உண்மையான கேள்வி. கேத்தலில் படியும் வெள்ளை, நாரிவலி, மஞ்சள் சலம் மூன்றையும் சொல்லி, கிணற்றுத் தண்ணீரால் சிறுநீரக நோய் வந்துவிட்டதோ என்று பயந்து, கடன்பட்டு வடிகட்டியும் வாங்கியிருக்கிறார்.

கேத்தலின் அடியில் படியும் வெள்ளை, சுண்ணாம்பு. அதை வைத்துச் சிறுநீரக நோயைக் கண்டுபிடிக்க முடியாது. வட்டையில் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்தபின் வரும் நாரிவலி, நாரியின் வலிதான். நாட்பட்ட சிறுநீரக நோய் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. வெயில் நாளில் சலம் கடும் மஞ்சளாகப் போனால் நீங்கள் குடித்த தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய அறிக்கைக்கு வருகிறேன். சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வெளியேற்றும் கழிவான கிரியேற்றினின் 1.0 என்பதைப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் ‘பிரச்சினை இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, சலப் பரிசோதனையில், ‘அல்புமின் +’ என்று அச்சாகியிருக்கிறது. இரத்தத்தில் இருக்க வேண்டிய ஒரு புரதம் சலத்தில் கசிகிறது என்று அர்த்தம். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. எட்டு வருடமாகச் சீனி வருத்தம், பாமசியில் பார்த்த பிரஷர் 150/95, உடன்பிறந்த அண்ணன் டயாலிசிஸில். இத்தனைக்கும் நடுவில் அந்த ஒற்றைக் கூட்டல் குறிதான் நீங்கள் கவலைப்பட வேண்டிய விடயம்.

கிரியேற்றினின் தாமதமாகவே ஏறும். சிறுநீரகங்களின் வேலையில் ஏறத்தாழப் பாதி போனபிறகும் அது சாதாரண அளவுக்குள் நிற்கக்கூடும். அல்புமின் கசிவு அதற்குப் பல வருடம் முன்பே தெரிந்துவிடும். தெரியும் காலத்தில் பிடித்தால் பெரும்பாலானோரை டயாலிசிஸுக்குப் போகாமல் காக்கலாம், இல்லாவிட்டால் அந்த நாளைப் பல வருடம் தள்ளிப்போடலாம். ஆனால் ஒரு தடவை வந்த கூட்டல் குறி தீர்ப்பு அல்ல. காய்ச்சல், சலக்கடுப்பு, முதல்நாள் கடும் உழைப்பு எதனாலும் அது வரலாம். காலையில் முதல் சலத்தைக் கொடுத்து அல்புமின்–கிரியேற்றினின் விகிதம் பாருங்கள். 30 mg/gக்கு மேல் இருந்தால் மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அப்போதும் மேலேயே நின்றால்தான் அதற்குச் சிறுநீரக நோய் என்று பெயர்.

இணையத்தில் நீங்கள் படித்தது வேறு நோய். 1990களில் அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கங்களில் கவனத்துக்கு வந்த, காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோய் அது. அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டியிலும் உண்டு. அரசு அந்த ஊர்களில் சுத்திகரித்த குடிநீர் கொடுப்பதும் நடமாடும் பரிசோதனை நடத்துவதும் அதற்காகத்தான். அது தேவையான வேலை. ஆனால் என்னிடம் வரும் சிறுநீரக நோயாளிகளில் பெரும்பாலானோரைக் கெடுத்தது கட்டுப்படாத சீனியும் பிரஷரும். கடன்பட்டு வாங்கிய வடிகட்டி இந்த இரண்டையும் குறைக்காது. கிணற்றில் சந்தேகமிருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள்.

உங்களுக்கு உரிய அரசுத் திட்டம் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது. 2011 முதல் நாடெங்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் நடக்கின்றன. 35 வயது கடந்த எவரும் வெறும் வயிற்றோடு காலையில் போனால் நிறை, பிரஷர், சீனி எல்லாவற்றையும் காசில்லாமல் பார்த்து, தேவையானவரை கிளினிக்குக்கு அனுப்புவார்கள். அங்கே வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் கால் வீங்கிய பிறகு வருகிறார்கள். இது எனக்குத் தாங்க முடியாத கோபம். நோய் இன்னும் வெளியே தெரியாதவரைத் தேடிப் பிடிக்கவே அந்த நிலையம். நோய் முற்றியவருக்கு அங்கே செய்வதற்கு அதிகம் இல்லை.

அடுத்தது, நீங்கள் கடைசி வரியில் சாதாரணமாக எழுதிவிட்டுப் போன குளிசை. வெட்டுக் காலத்தில் தினமும் பின்னேரம் ஒரு டைக்ளோபினாக் வலிக்குளிசை, யாரும் எழுதிக் கொடுக்காமல். வியர்த்து உடலில் நீர் குறைந்த நேரத்தில் இந்த வகைக் குளிசை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். இன்றோடு நிறுத்துங்கள், வலிக்குப் பரசிட்டமோல் போதும். ‘சிறுநீரகத்தைக் கழுவ’ என்று குடிக்கும் பிலிம்பிக்காய்ச் சாற்றையும் நிறுத்துங்கள். பிலிம்பி, காமரங்காய் இரண்டிலும் ஒக்சலேற்று என்ற, சிறுநீரகத்தில் படியக்கூடிய உப்பு நிறைய உண்டு. அவற்றின் சாற்றைக் குடித்து, நன்றாக இருந்த சிறுநீரகம் பழுதானவர்கள் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள்.

கசிவு உறுதியானால் கிளினிக்கில் எனலாபிரில் அல்லது லொசார்ட்டன் என்ற பிரஷர் குளிசை தொடங்குவார்கள். பிரஷர் 130/80க்குக் கீழே வந்துவிட்டது என்று அதை நீங்களாக நிறுத்தக் கூடாது; கசிவைக் குறைப்பதும் அந்தக் குளிசைதான். தொடங்கி ஓரிரு வாரத்தில் கிரியேற்றினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்வார்கள், தவறவிடாதீர்கள்.

இந்த வாரமே போங்கள். அறிக்கையையும், வீட்டில் கிடக்கும் குளிசை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். 38 வயதுத் தம்பி ஒருவர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு ஒரு குறையும் இல்லை என்றாலும் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.