மொட்டை மாடி வெக்கைக்கு யார் காசு போடுவது? – மின்சிக்கனச் சீரமைப்பு: கேள்வி பதில்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கட்டடங்களின் மின்செலவை அளந்து, எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்வது என் தொழில். அடுக்ககம், லாட்ஜ், வங்கி, குழு என்று எந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தாலும் கடைசியில் "வேலை நல்லதுதான், காசு யார் போடுவது?" என்ற இடத்தில்தான் வந்து முட்டுகிறது. காசே இல்லாமல் நின்ற வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை. காசு போடுகிறவர், பலன் அனுபவிக்கிறவர், கடன் கொடுக்கிறவர் என மூன்று பேரும் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொண்டு இழுத்ததில் நின்ற வேலைதான் அதிகம்.

அண்ணா நகர், அடுக்ககச் சங்கச் செயலாளர்: சார், எங்களுது 40 வீடு, நாலு மாடி. மேல் மாடிக்காரங்க வெக்கை தாங்கலன்னு மொட்டை மாடிக்குக் கூலிங் டைல்ஸ் போடச் சொல்றாங்க. கீழ் வீட்டுக்காரங்க "எங்களுக்கு என்ன லாபம்?"ங்கிறாங்க. பொதுக்குழு கூட்டுனா சண்டையிலதான் முடியுது.

கூட்டத்தை முதலில் வைத்ததுதான் சிக்கல் சார். கையில் கணக்கு இல்லாமல் 40 பேரை உட்காரவைத்தால் சத்தமாகப் பேசுகிறவர் சொல்வதுதான் தீர்மானம். முதலில் பொது மின் இணைப்பின் பன்னிரண்டு மாத பில்லை எடுத்து வையுங்கள். லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் அதில்தான் ஓடுகிறது. வீட்டு இணைப்புக்குள்ள 100 யூனிட் இலவசம் அதற்குக் கிடையாது. யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் போகிறது. பத்து வீட்டுக்கு மிகாமல், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத சின்னக் குடியிருப்புக்குத்தான் 2023ல் அரசு சலுகைக் கட்டணம் கொடுத்தது. உங்களுக்கு அது பொருந்தாது.

உங்களைப் போன்ற ஓர் அடுக்ககத்தில் மோட்டார் ரூமுக்குள் போய், ஒயரில் கவ்விக் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஐந்து எச்.பி. மோட்டார், தகட்டில் 7.5 ஆம்பியர் என்று இருந்தது. ஓடிக்கொண்டிருந்தது பத்துக்கும் மேலே, அதாவது இழுக்கவேண்டியதைவிட அதிகக் கரண்ட். "மூணு தடவை காயில் கட்டியாச்சு சார்" என்றார் வாட்ச்மேன். படியேறி மாடிக்குப் போனால், டேங்க் நிரம்பி ஓவர்ஃப்ளோ குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீரை மேலே ஏற்றிய மின்சாரத்துக்குக் கீழ் வீட்டுக்காரரும்தான் மாதாமாதம் பங்கு கட்டுகிறார். இதை ஒரே தாளில் எழுதி ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்தபோது பேச்சு மாறிவிட்டது.

ஆகவே டைல்ஸைத் தனி வேலையாக வைக்காதீர்கள். மோட்டார், தானியங்கி லெவல் சுவிட்ச், படிக்கட்டு விளக்கு, மொட்டை மாடி நான்கையும் ஒரே கட்டாக வையுங்கள். முதல் மூன்றில் மிச்சமாகும் தொகையைப் பராமரிப்புக் கணக்கில் கலக்கவிடாமல் தனி வங்கிக் கணக்கில் போட்டு வாருங்கள். மாடி வேலைக்கு வாங்கும் கடனின் தவணை அதிலிருந்து போகட்டும். குறைந்தால் சங்கத்தின் சேமிப்பான கார்பஸ் நிதி தாங்கட்டும். தளமும் எல்லோருக்கும் பொதுச் சொத்துதானே? நீர் கசிந்து கம்பி துருவேறிக் காரை பெயர்ந்தால் அந்தச் செலவும் 40 பங்காகத்தான் வரும். கசிவுத் தடுப்பு வேலை எப்படியும் செய்யவேண்டிய வருடத்தில் டைல்ஸையும் சேர்த்துச் செய்தால் கூடுதல் செலவு கொஞ்சம்தான்.

இதெல்லாம் முடிந்த பிறகு சோலார் பற்றிப் பேசுங்கள். பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. வீண் செலவை அடைக்காமல் சோலார் போட்டால், வழிந்தோடும் டேங்குக்குச் சேர்த்துத் தகடு வாங்குவீர்கள். சோலார் போட்டவர்கள் மின்வாரியக் கம்பியைப் பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணம் உங்கள் இணைப்புக்கு உண்டா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு அதையும் கணக்கில் சேருங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். முதல் கூட்டத்துக்குச் சாமான் விற்கிறவர் யாரையும் கூப்பிடாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் வந்து உட்கார்ந்த நிமிடமே "கமிஷன் யாருக்கு?" என்ற பேச்சு வந்துவிடும்.

அதே செயலாளர்: நாலு பேர் கையெழுத்துப் போட மாட்டேன்னா?

உங்கள் சங்கத்தின் துணை விதியைத் திறந்து பாருங்கள். பராமரிப்புச் செலவுக்கு என்ன பெரும்பான்மை வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். தமிழ்நாடு அடுக்ககச் சொத்துரிமைச் சட்டம் 2022, 2024ல் நடைமுறைக்கு வந்துவிட்டது. துணை விதியை அதற்கேற்பத் திருத்தாத சங்கங்கள் முதலில் அதைச் செய்யவேண்டும். கடன் கொடுக்கிற வங்கி பார்ப்பதும் அந்தக் காகிதத்தைத்தான்.

டவுன்ஹால் ரோடு, லாட்ஜ் உரிமையாளர்: ஒரு கம்பெனி வந்தது. "ஏசி, ஃபேன், ஹீட்டர் எல்லாம் நாங்களே மாத்துறோம், ஒரு பைசா வேண்டாம், மிச்சமாகிறதில் பங்கு கொடுங்க"ங்கிறான். நம்பலாமா அண்ணே?

நம்பலாம், அளவுகோலை எழுத்தில் வாங்கிக்கொண்டால். இப்படி மிச்சத்தில் பங்கு வாங்கி வேலை செய்கிற கம்பெனிக்கு எஸ்கோ என்று பெயர். மத்திய அரசின் மின்சிக்கன நிறுவனமான ஈ.ஈ.எஸ்.எல். பல ஊர்களில் தெருவிளக்கு மாற்றியதும் ஏறக்குறைய இந்த வழியில்தான்.

சண்டை வருகிற இடம் "எதிலிருந்து மிச்சம்?" என்பதுதான். சித்திரைத் திருவிழா மாதத்தில் உங்கள் லாட்ஜில் வராண்டாவில்கூட ஆள் படுத்திருப்பார். ஆடியில் பாதி அறை காலி. ஆடி பில்லைச் சித்திரை பில்லோடு ஒப்பிட்டு "பாருங்கள், மிச்சம்" என்று ஒருவர் காட்டினால் அது கணக்கே இல்லை. ஆகவே மொத்த பில்லைப் பார்க்காமல், நிரம்பிய அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு எத்தனை யூனிட் என்று எழுதச் சொல்லுங்கள். உங்கள் பதிவேட்டில் அறைக் கணக்கு இருக்கிறது, மீட்டரில் யூனிட் இருக்கிறது. அடிப்படைக் கணக்கை எடுப்பவர் அந்தக் கம்பெனியின் ஆளாக இருக்கக்கூடாது. மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பி.ஈ.ஈ.யின் சான்று பெற்ற எரிசக்தித் தணிக்கையாளர் ஒருவரை நீங்களே அமர்த்துங்கள்.

இன்னொன்றும் உண்டு அண்ணே. ஃபேனுக்கு அந்தக் கம்பெனியே தேவையில்லை. பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. என்கிற புது வகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுகிற அறையில் மாதம் 20 யூனிட் மிச்சம். வணிக இணைப்பில் யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தால் மாதம் 200 ரூபாய். ஃபேன் 3,000 ரூபாய் என்றால் ஒன்றேகால் வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும். இதற்குப் போய் யாருக்கும் பங்கு கொடுக்காதீர்கள். அதிகாலையில் குளித்துக் கோயிலுக்குப் போகிறவர்களுக்காக அறைக்கு அறை 2 கிலோவாட் கீசர் வைத்திருக்கிறீர்களே, பெருஞ்செலவு அங்கேதான். அதை எடுத்துவிட்டுப் வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீரைச் சுடவைக்கும் பொதுவான ஹீட் பம்ப் வைத்தால் அதே வெந்நீருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போதும். ஆனால் குழாய் மாற்றவேண்டும், முதலீடு பெரிது. பங்கு ஒப்பந்தம் போடுவதாக இருந்தால் அந்த வேலைக்குப் போடுங்கள்.

வில்லாபுரம், வாடகை வீட்டுக்காரர்: பில் கட்டுறது நாங்க. சுவரும் கூரையும் ஓனரோடது. அவர் எதுக்கு செலவு செய்வார்?

செய்யமாட்டார், அவருக்கும் ஏதாவது கிடைத்தாலன்றி. கழற்றி எடுத்துப்போகக்கூடிய ஃபேன், விளக்கு போன்றவற்றை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். மாடித் தளத்துக்கு அவர் செலவு செய்யட்டும், அதற்காக வாடகையில் ஒரு சிறு தொகை கூட்டிக்கொள்ளட்டும். அந்தத் தொகை உங்களுக்கு மிச்சமாவதைவிடக் குறைவாக இருக்கவேண்டும். அத்துடன் குறைந்தது மூன்று வருடம் வீட்டைக் காலி செய்யச் சொல்லமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கேளுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகள் சிலவற்றின் விலையும் கூடிவிடும் என்பதால், 520, 530 என்று நிற்கிற வீட்டுக்குக் கொஞ்சம் குறைந்தாலே பில்லில் நன்றாகத் தெரியும்.

திருமங்கலம், வங்கி அலுவலர்: சங்கத்துக்குக் கடன் கொடுத்தால் எதை ஜாமீனாகப் பிடிப்பது? தொகையும் சிறிது. மூன்று லட்சத்துக்கும் முப்பது லட்சத்துக்கும் எங்களுக்கு ஒரே காகித வேலை.

நீங்கள் சொல்வது நியாயம் சார். இந்தப் பக்கத்தை யாரும் சங்கங்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை. வீடுகளை அடமானம் கேட்டால் 40 பத்திரம் வேண்டும், நடக்காது. மாதப் பராமரிப்பு வசூல் ஒழுங்காக வருகிற சங்கத்தின் மூன்று வருடக் கணக்கைப் பாருங்கள். வசூல் உங்கள் கிளைக் கணக்கிலேயே விழட்டும், தவணை முதலில் கழியட்டும். சிறு தொகை என்ற சிக்கலுக்கு ஒரே மருந்து சேர்த்துக் கொடுப்பதுதான். பக்கத்துப் பக்கத்துச் சங்கங்கள் பத்து, ஒரே தணிக்கை, ஒரே டெண்டர், ஒரே மாதிரி ஒப்பந்தம் என்று வந்தால் உங்கள் காகித வேலை குறையும், அவர்களுக்கு விலை குறையும். எஸ்கோ மூலம் நடக்கிற வேலைக்கு இழப்பில் ஒரு பகுதியைத் தாங்குவதற்காக, உலக வங்கி ஆதரவோடு, சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி பகுதி உத்தரவாதத் திட்டம் ஒன்றை 2015ல் தொடங்கியது. கட்டடங்களும் அதன் வரம்புக்குள் இருந்தன. அப்படி ஒரு உத்தரவாதம் இப்போது எந்த வடிவில் கிடைக்கிறது என்று உங்கள் மண்டல அலுவலகத்தில் கேளுங்கள்.

முன்னாள் வார்டு கவுன்சிலர்: பத்து சங்கத்தைச் சேர்ப்பதெல்லாம் நம்மூரில் நடக்கிற காரியமா?

நடந்திருக்கிறது ஐயா, நம் மாநிலத்திலேயே. 1990களின் கடைசியில் சென்னையை ஒட்டிய ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று மக்களிடமே திரட்டியது. வேலை தொடங்குமுன் தெருத்தெருவாகக் குடியிருப்போர் சங்கங்களோடு பேசினார்கள். மக்கள் பணம் வந்தபின் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடனும் வந்தது. 2002ல் தனித்தனியாகப் போனால் எந்தச் சந்தையும் திரும்பிப் பார்க்காத 13 சிறு உள்ளாட்சிகள் ஒன்றாகச் சேர்ந்து சுமார் 30 கோடி ரூபாய்க்குக் கடன்பத்திரம் வெளியிட்டன. அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யு.எஸ்.எய்டு உத்தரவாதம் தந்தது. நம் மதுரை மாநகராட்சியும் ரிங் ரோட்டுக்காக 2001ல் 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. சாலைக்கும் சாக்கடைக்கும் செய்தவர்கள் கட்டடத்துக்குச் செய்ய முடியாதா? மாநகராட்சி காசு போடவேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. மண்டல அலுவலகத்தில் ஒரு நாற்காலி, சங்கங்களையும் வங்கிகளையும் கூப்பிட்டு உட்காரவைக்க ஒரு பொறியாளர். மக்கள் யார் கூப்பிட்டால் வருவார்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. அதை உங்களைப் போன்றவர்கள் செய்யலாம்.

திருப்பரங்குன்றம், பொறியியல் மாணவி: ஐரோப்பாவில் இதை எப்படிச் செய்கிறார்கள்? நாம் எதை எடுத்துக்கொள்ளலாம்?

அங்கே பிரச்சினை குளிர், நமக்கு வெயில். காசுச் சிக்கல் மட்டும் ஒன்றுதான்மா. எஸ்டோனியாவில் சோவியத் காலத்து அடுக்ககங்களைச் சீரமைக்க கிரெட்எக்ஸ் என்ற அரசு அமைப்பு 2009ல், திரும்பி வரும் தவணையையே அடுத்தவருக்குக் கடனாகக் கொடுக்கும் சுழல் நிதி ஒன்றைத் தொடங்கியது. கடன் வாங்கியது சங்கம்தான், தனித்தனி வீட்டுக்காரர் இல்லை. எவ்வளவு ஆழமாகச் சீரமைக்கிறார்களோ அதற்கேற்ப 15, 25, 35 சதவீதம் என்று மானியம் ஏறியது. நன்றாக ஓடியது. பிரிட்டனில் 2013ல் கிரீன் டீல் என்று ஒன்று வந்தது. மின் பில்லிலேயே தவணை கட்டும் ஏற்பாடு, கேட்பதற்கு அழகாக இருந்தது. ஆனால் வட்டி 7 சதவீதத்துக்கு மேல், விதிமுறையும் சிக்கல். மக்கள் வரவில்லை. 2015ல் அரசு நிதியை நிறுத்திவிட்டது. நமக்கு எஸ்டோனியாவின் சங்கக் கடன் முறைதான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

செல்லூர், மகளிர் குழுத் தலைவி: அண்ணே, நாங்கல்லாம் சீட்டுக் கூரை வீடு. ஏசியா, லிஃப்டா? எங்களுக்கு ஏதாவது உண்டா?

உங்களுக்குத்தான் அக்கா முதலில் இருக்கவேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்குக் குழந்தையைத் தூங்க வைக்கிற தாய்க்கு வருகிற வெயிலும் அடுக்ககத்துக்கு வருகிற வெயிலும் ஒன்றில்லை. சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறைகிறது. 2013லேயே வெப்பத்துக்கென்று செயல்திட்டம் போட்ட அகமதாபாத்தில் குடிசைப் பகுதிகளில் இதைச் செய்திருக்கிறார்கள். குழுவின் உள்கடனிலேயே முடிகிற செலவு இது. வீடு வீடாக வாங்காமல் தெருவுக்கே சேர்த்துப் பெயிண்ட் வாங்குங்கள். மாசி, பங்குனிக்குள் அடித்துவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டை மட்டும் காய்ந்த நிலையில் சுரண்டவோ உரசவோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். நனைத்து மெதுவாகக் கழுவிவிட்டு அடியுங்கள். வெடித்த சீட்டில் ஏறாதீர்கள்.

தெற்கு மாசி வீதி: தாத்தா கட்டிய மச்சு வீடு, முற்றம் இருக்கிறது. இடித்துக் கட்டினால் கரண்ட் மிச்சமாகுமா?

இடிக்காதீர்கள். தடித்த சுவரும் முற்றமும் செய்கிற வேலையை எந்த ஏசியும் செய்யாது. முற்றத்தை மூடிய பிளாஸ்டிக் கூரையை எடுத்துக் கம்பி வலை போட்டு, மாடிக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். இதற்குக் கடன் தேவைப்படாது.

கே.கே. நகர், கட்டட கான்ட்ராக்டர்: இந்த மாதிரி வேலையில சங்கம் பணம் கொடுக்க மாசக்கணக்கா இழுக்குது. அப்புறம் யார் வருவா?

சரியான கேள்வி தம்பி. கூடிப் பேசுகிற மேசையில் உங்களுக்கும் இடம் வேண்டும், விலை முடிவாகும் கட்டத்தில். சாமான் இறங்கியதும் இவ்வளவு, வேலை முடிந்ததும் இவ்வளவு என்று கட்டம் கட்டமாக எழுதிக்கொள்ளுங்கள். பத்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் கடக்கும்வரை சங்கம் நிறுத்தி வைக்கட்டும், அது நியாயம். ஆனால் மற்றப் பணம் வேலை தொடங்குமுன்பே தனிக் கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கவேண்டும். அந்தக் கணக்கின் பாஸ்புக்கைக் காட்டச் சொல்லிவிட்டு சாரம் கட்டுங்கள்.