பிசிக்ஸ் பிடிக்காத பெண்ணும் தாத்தாவின் உணவுக்குழாயும்

அம்மா, போன வாரம் மகளோடு கடலூர் மஞ்சக்குப்பம் வந்துபோன பிறகு நீங்கள் அனுப்பிய செய்தியைப் படித்தேன். "கேஸ்ட்ரோ டாக்டர்னா எத்தனை வருஷம் சார், கல்யாண வயசு தாண்டிடுமே" என்று கேட்டிருந்தீர்கள்.

கேஸ்ட்ரோ என்றால் உணவுக்குழாய், வயிறு, குடல் நோய்களைப் பார்க்கும் துறை. கணக்கு இதுதான். எம்.பி.பி.எஸ். பயிற்சியோடு சேர்த்து 5½ வருடம், பொது மருத்துவத்தில் எம்.டி. 3, அதற்கு மேல் கேஸ்ட்ரோவில் டி.எம். என்ற சிறப்புப் படிப்பு 3. ஆக 11½ வருடம், அதுவும் ஒவ்வொரு நுழைவுத்தேர்விலும் முதல் முறையே இடம் கிடைத்தால். ஆனால் எம்.டி.யிலும் டி.எம்.மிலும் மாதாமாதம் உதவித்தொகை வரும். அந்தக் காலம் முழுக்க அவள் உங்கள் கையை எதிர்பார்த்து இருக்கமாட்டாள். கல்யாணத்தைப் பற்றி நான் பேசுவதாக இல்லை. படித்துக்கொண்டே கட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

எனக்கு முக்கியமாகப் பட்டது அவள் சொன்ன தாத்தா கதைதான். சோறும் தண்ணீரும் நெஞ்சிலேயே நிற்கிறது என்றவருக்கு ரொம்ப நாள் அசிடிட்டி மாத்திரையே கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் ஒருவர் நிதானமாக உட்கார்ந்து கேட்டு, அகலேசியா என்று கண்டுபிடித்திருக்கிறார். உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வளையத் தசை, விழுங்கும்போது தளர்ந்து வழிவிட வேண்டும். அது விடாத நோய் இது. எண்டோஸ்கோப்பியில் புண்ணோ கட்டியோ தெரியாது. ஆரம்பத்தில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். இப்போது வாய்வழியாகக் குழாயை விட்டு உள்ளிருந்தே அந்தத் தசையை வெட்டிவிடுகிறார்கள். 'போயம்' என்பார்கள். ஜப்பானில் இனோவே என்ற மருத்துவர் 2008-இல் முதலில் செய்தது.

சர்க்கரை நோயாளியின் வயிறு சாப்பாட்டைக் கீழே தள்ளாமல் வைத்துக்கொள்வது, வருடக்கணக்கான மலச்சிக்கல் எல்லாம், கேஸ்ட்ரோவுக்குள்ளேயே உணவுக்குழாய், வயிறு, குடலின் அசைவைப் பார்க்கும் இந்தப் பிரிவுதான். "பொண்ணு மலச்சிக்கல் டாக்டர்னு சொந்தக்காரங்ககிட்ட எப்படி சொல்றது" என்று நீங்கள் சிரித்தீர்கள். அதே கூச்சத்தில்தான் நோயாளியும் வாய் திறக்காமல் இருக்கிறார். அவரைப் பேசவைக்கத் தெரிந்தவருக்கே இந்த வேலை. வரும்படி கொட்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு நோயாளியிடம் நேரம் பிடிக்கும் வேலை என்பதால் கேஸ்ட்ரோ மருத்துவர்களிலேயே இதில் ஊன்றி நிற்பவர்கள் கொஞ்சம் பேர்தான். இதற்கென்று தனி டி.எம். நம் நாட்டில் இல்லை. கேஸ்ட்ரோ படித்தவர் மேற்கொண்டு பழகிக்கொள்வதுதான்.

அன்று அவள் "பிசிக்ஸ் மட்டும் வராது சார்" என்றாள். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, 5 மி.லி. 5 மி.லி.யாகத் தண்ணீர் விழுங்கச் சொல்லி, குழாய் நெடுக எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று பார்க்கும் சோதனைக்கு மேனோமெட்ரி என்று பெயர். தாத்தாவின் நோயை உறுதிசெய்தது அதுதான். அழுத்தம் பிசிக்ஸ் பாடம் இல்லாமல் வேறென்ன? இதைச் சொன்னதும் அவள் முகம் போன போக்கை நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். நீட் 720 மதிப்பெண்ணில் 180 பிசிக்ஸ். உயிரியலை மட்டும் நம்பினால் போதாது.

இன்னொன்று. கோரிமேட்டு ஜிப்மர் பக்கத்தில்தானே என்று கணக்குப் போடாதீர்கள். புதுச்சேரி வாசிகளுக்கென்று அங்கே ஒதுக்கிய இடங்கள் கடலூர்க்காரர்களுக்குக் கிடையாது. அகில இந்தியப் போட்டியில்தான் நுழைய வேண்டும். நமக்குத் தமிழ்நாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, சிதம்பரத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்றீர்களே, அந்த 7.5% உள் ஒதுக்கீட்டுக்கான சான்றுகளை இப்போதே வாங்கி வையுங்கள். இடம் கிடைக்கவில்லை என்று நிலத்தை விற்றுத் தனியார் கல்லூரிக்குப் பணம் கட்ட மட்டும் வேண்டாம்.

கேஸ்ட்ரோவா வேறா என்பதை அவள் எம்.டி. படிக்கும்போது முடிவு செய்துகொள்ளட்டும். அடுத்த முறை வரும்போது காலாண்டுத் தேர்வு பிசிக்ஸ் விடைத்தாளை மறக்காமல் எடுத்து வாருங்கள்.