சீனாவுக்கு வரி, மோர்பிக்கு லாபம்

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருவில் புதிதாகக் கட்டிய எந்த வீட்டிலும் ஆத்தங்குடிக் கல் (நம் பக்கத்துக் கைவினை சிமெண்ட் தரைக் கல்) இல்லை. எல்லாம் விட்ரிஃபைடு டைல்ஸ். தாராள வணிகம்தான் நம் தொழிலைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். இறக்குமதிக்கு வரியை ஏற்றி, நம் கல்லுக்கு நியாய வணிக முத்திரையும் வாங்கிவிட்டால் பட்டறைகள் பிழைக்காதா?

வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

அந்த டைல்ஸ் வந்த அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் டைல்ஸ் ஆலைகள் நிறைந்த குஜராத்தின் மோர்பி என்றுதான் போட்டிருக்கும். உள்நாட்டுச் சரக்குக்குத் துறைமுகத்தில் வரி போட முடியாது. 2000களின் தொடக்கத்தில் சீன விட்ரிஃபைடு டைல்ஸுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (தன் நாட்டில் விற்பதைவிட மலிவாக இங்கே கொண்டுவந்து கொட்டும் சரக்குக்குப் போடும் வரி) வந்தது. பலன் பெரிய ஆலைகளுக்குப் போனது, ஆத்தங்குடிக்கு அல்ல. விதியே அப்படி: அந்த வரி கேட்கும் மனுவை ஆதரிக்கும் உற்பத்தியாளர்கள் அந்தப் பொருளின் உள்நாட்டு உற்பத்தியில் 25 சதவீதமாவது செய்பவர்களாக இருக்க வேண்டும், நஷ்டத்தைக் கணக்குக் காட்டி நிரூபிக்கவும் வேண்டும். நாலு பேர் வேலை பார்க்கும் பட்டறைக்கு இது எட்டாது. (நம் பெரிய வீடுகளின் பர்மாத் தேக்கும் இத்தாலி மார்பிளும் கப்பலில் வந்தவைதானே. துறைமுகத்தை மூடச் சொல்வதற்கு முன் வளவுக்குள் (நடு முற்றத்துக்குள்) ஒருமுறை நின்று பார்க்கலாம்.)

முத்திரை விஷயம். நியாய வணிகம் என்றால், உற்பத்தி செய்பவருக்கு நியாயமான விலையும் நிபந்தனையும் கிடைக்கும் வணிகம். காபி, தேயிலை, பருத்திக்கு வரும் ஃபேர்ட்ரேட் முத்திரை சிமெண்ட் கல்லுக்குப் பொருந்தாது. கைவினைக்கு உலக நியாய வணிக அமைப்பு இருக்கிறது. அது நிறுவனத்தைச் சோதித்துச் சான்று தரும். ஏற்றுமதி இல்லாத பட்டறைக்கு அந்தச் செலவு வீண் என்பேன். ஆனால் அதன் பத்துக் கோட்பாடுகளுக்குள் ஒரு வரியை நாம் இங்கேயே எடுத்துக்கொள்ளலாம்: கைவினை ஆர்டருக்கு, கேட்டால், குறைந்தது 50 சதவீதம் வட்டியில்லா முன்பணம்.

கல் செய்யும் விதத்தைப் பார்த்தால் முன்பணம் ஏன் வேண்டும் என்று புரியும். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டமும் பூ அச்சும் வைத்து, வெள்ளை சிமெண்டும் ஆக்சைடும் கரைத்த வண்ணத்தை அறை அறையாக ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு, ஈரத்தை இழுக்க உலர்ந்த மணல்-சிமெண்ட் தூவி, அதற்கு மேல் சாந்து நிரப்பி மட்டம் செய்வார்கள். சூளை கிடையாது. கல்லுக்குப் பலம் தருவது தண்ணீர்த் தொட்டியில் ஊறும் நாட்களும் அதன்பிறகு காயும் நாட்களும்தான். ஆக்சைடுக்கு முதலிலேயே பணம் வேண்டும், கூலி வாராவாரம். வரவு மட்டும் கல் இறங்கிய பிறகு. கையில் காசில்லாத பட்டறை ஊறும் நாளைக் குறைக்கும், மட்டமான ஆக்சைடு போடும். விளிம்பு பொரியும், நிறம் மங்கும். ‘ஆத்தங்குடிக் கல்லே இப்படித்தான்’ என்று வாங்கியவர் அடுத்த மாடிக்கு விட்ரிஃபைடு போடுவார். மோர்பி விலையைவிட இந்தக் கெட்ட பெயர்தான் தொழிலை அதிகம் அடிக்கிறது.

ஆகவே வாங்குபவர்கள் செய்யக்கூடியது: 10 அங்குலக் கல் 1000 சதுர அடிக்கு 1440 பிடிக்கும். உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்து 1512 சொல்லி, பாதிப் பணத்தை அப்போதே கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். பிறகு வாங்கும் கல்லில் நிறம் கொஞ்சம் மாறும். கூரை வேலை நடக்கும்போதே ஆர்டர் கொடுத்தால் அவசரம் இருக்காது. பதித்தபின் கறை எடுக்க கொத்தனாரை ஆசிட் ஊற்ற விடாதீர்கள், சிமெண்டை அது அரித்துவிடும். உமி போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வரும்.

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையின் கதை வேறு. அங்கேயும் போட்டி உள்நாட்டு விசைத்தறிதான், ஆனால் சட்டம் கைவசம் இருக்கிறது. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் பட்டியலில் சேலை உண்டு. எல்லாச் சேலையும் அல்ல, கரை, நெசவு பற்றிய வரையறைக்குள் வருபவை மட்டும். அவற்றை விசைத்தறியில் நெய்தால் குற்றம். 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அது தானாக யாரையும் பிடிக்காது, போலியை எதிர்த்து உரிமை பெற்றவர்கள் வழக்குப் போட வேண்டும். கடையில் ‘கைத்தறிதான்’ என்று சொன்னால், கைத்தறிக்கான அரசு முத்திரையான ஹேண்ட்லூம் மார்க் லேபிளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.