ஜிமெயில் கையொப்பத்தில் சேர்த்த லோகோ எனக்குத் தெரிகிறது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை. ஏன்?

கூகுள் டிரைவில் இருந்த லோகோவைக் கையொப்பத்தில் சேர்த்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

ஜிமெயில் கையொப்பத்தில் படம் வைத்தால், அது மெயிலோடு சேர்ந்து போவதில்லை. படம் இருக்கும் இடத்தின் முகவரி மட்டும்தான் போகும். பெறுபவர் மெயிலைத் திறக்கும்போது அந்த முகவரியிலிருந்து படம் எடுத்து வரப்படும். டிரைவில் உள்ள கோப்பு உங்களுக்கு மட்டும் என்று பூட்டியிருந்தால் அவருக்கு உடைந்த கட்டம்தான் மிஞ்சும். நீங்கள் உங்கள் கணக்கில் நுழைந்திருப்பதால் உங்களுக்கு மட்டும் நன்றாகத் தெரிகிறது.

டிரைவ் கோப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டாலும் சரியாகும். ஆனால் பிறகு யாராவது அந்தக் கோப்பை மறுபடி பூட்டினால், அழித்தால், மறுபடி அதே கதை. அதனால் இப்போதுள்ள படத்தை நீக்கிவிட்டு, கணினியிலிருந்து நேரடியாக ஏற்றுங்கள். பல்சக்கரக் குறி, 'சீ ஆல் செட்டிங்ஸ்', 'ஜெனரல்' பக்கத்தில் 'சிக்னேச்சர்'. அங்கே படக் குறியை அழுத்தி 'அப்லோட்' மூலம் சேருங்கள். கீழேயே, புது மெயிலுக்கு எந்தக் கையொப்பம், பதில் மெயிலுக்கு எந்தக் கையொப்பம் என்று தனித்தனியாகக் கேட்கும். இரண்டையும் பார்த்துவிட்டு, பக்கத்தின் அடிவரை போய் 'சேவ் சேஞ்சஸ்' கொடுங்கள். அதைக் கொடுக்காவிட்டால் செய்தது எதுவும் நிற்காது.

இவ்வளவு செய்த பிறகும் சிலருக்குப் படம் தெரியாது. மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் மெயில் மென்பொருளைப் பயன்படுத்தும் பல அலுவலகங்களில், வெளியிலிருந்து வரும் படங்களை அது தானாக இறக்குவதில்லை. பெறுபவர் அனுமதி கொடுத்தால்தான் காட்டும். உங்கள் பக்கத்திலிருந்து இதை மாற்ற வழி இல்லை.

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். முன்பு பெயர், பதவி, செல்பேசி எண், முகவரி எல்லாவற்றையும் விசிட்டிங் கார்டு மாதிரி ஒரே படமாகச் செய்து கையொப்பத்தில் வைத்திருந்தோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒருமுறை எங்களிடம் ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்மணிக்கு, சாம்பிளில் ஓர் அளவைப் பற்றி உடனே பேச வேண்டியிருந்தது. அவருடைய அவுட்லுக்கில் படம் வரவில்லை. படம் வராததால் எண்ணும் இல்லை. எண் கேட்டு மெயில் போட்டிருக்கிறார். இங்கே இரவு. மறுநாள் காலையில்தான் பார்த்தோம், ஒரு நாள் போய்விட்டது. சாம்பிள் வேலையில் ஒரு நாள் என்பது எவ்வளவு பெரிது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அன்றைக்கே மாற்றினோம். லோகோ மட்டும் படம். பெயர், எண், முகவரி எல்லாம் எழுத்து. எழுத்தாக இருந்தால் எண்ணைத் தொட்டு அழைக்கலாம், நகலெடுக்கலாம், பழைய மெயில்களில் தேடலாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் திரைவாசிப்பான் படத்துக்குள் இருக்கும் எண்ணைச் சரியாகப் படித்துச் சொல்லும் என்று நம்ப முடியாது. நீங்களும் இப்படியே வையுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

படத்தைப் பற்றி ஒன்றிரண்டு விஷயம். வாட்ஸ்அப்பில் வந்த லோகோவை எடுக்காதீர்கள், சுருங்கி மங்கியிருக்கும். வடிவமைத்தவரிடம் பிஎன்ஜி கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். அகலம் 300 பிக்சல் அளவில் இருந்தால் தாராளம். சேர்த்த பிறகு படத்தைத் தொட்டால் 'ஸ்மால்', 'மீடியம்' என்று அளவும் மாற்றலாம். கறுப்பு எழுத்துள்ள லோகோ என்றால் பின்னணி இல்லாத படமாக வேண்டாம். டார்க் மோடில், அதாவது திரையைக் கறுப்புப் பின்னணியில் வைத்துப் படிப்பவருக்கு எழுத்தே காணாமல் போகும். வெள்ளைப் பின்னணியோடு வையுங்கள்.

அப்புறம், செல்பேசியில் உள்ள ஜிமெயில் செயலியின் 'மொபைல் சிக்னேச்சர்' பகுதியில் எழுத்து மட்டும்தான் சேர்க்க முடியும். அங்கேயும் உங்கள் எண்ணை எழுதி வைத்துவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் உங்களுடைய இன்னொரு கணக்குக்கு ஒன்று, அவுட்லுக் வைத்திருக்கும் நண்பருக்கு ஒன்று அனுப்பி, எப்படித் தெரிகிறது என்று ஸ்கிரீன்ஷாட் கேட்டுப் பாருங்கள்.